சீட்டுக்குள் எழுதிய விதி



சீட்டாட்டத்தைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் அஞ்சுகின்ற ஆட்டம் வேறு. நான் எடுத்துக்கொண்ட ஆட்டம் வேறு. நாம் அறிந்த ஐம்பத்திரண்டு சீட்டுகளில் அச்சிட்டிருப்பவை எண்ணும் படமும் மட்டுமே. ஆட்டத்தின் விதிகளோ சீட்டுக்கு வெளியே, ஆடுவோரின் நினைவில் இருக்கின்றன. இஸ்பேட் ராஜா தானாக ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டின்மேலும் ஒரு விதியே எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? "இந்த ஆட்டத்தின் வழக்கத்தை நான் இவ்வாறு மாற்றுகிறேன்" என்று ஒரு சீட்டு சொல்லி, அதன் அருகில் வைத்த இன்னொரு சீட்டு, "நீ மாற்றியதை நான் வேறு விதமாக மாற்றுகிறேன்" என்று சொன்னால், முடிவில் எது நிற்கும்? அதைத் தீர்மானிப்பவர் யார்? இன்று நாம் ஆராயப்போவது இந்தக் கேள்வியைத்தான்.

அத்தகைய ஆட்டம் ஒன்று 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் வெளியாயிற்று. 'மேஜிக்: தி கேதரிங்' என்பது அதன் பெயர். இயற்றியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர். பொருள்களை எத்தனை வகையாகச் சேர்க்கலாம், எத்தனை வகையாக அடுக்கலாம் என்று ஆராயும் சேர்வியல் என்ற கணிதப் பிரிவில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அதே 1993-இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். வெளியிட்டது வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்னும் நிறுவனம். 1977-இல் வெளிவந்த 'காஸ்மிக் என்கவுண்டர்' என்னும் பலகை ஆட்டம் அவருக்குத் தூண்டுகோலாக அமைந்தது. அந்த ஆட்டத்தில் ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் பொது விதி ஒன்றை மீறுகின்ற தனி உரிமை உண்டு. ஆளுக்கு ஒரு விலக்கு என்று அங்கே இருந்ததைச் சீட்டுக்கு ஒரு விலக்கு என்று ஆக்கியதே கார்ஃபீல்டு செய்த புதுமை.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவர். இருவரும் மந்திரவாதிகள் என்பது கற்பனை. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்கியவர் வென்றவர். வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்து அமைத்த, குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டோடு வருவர். கையில் முதலில் 7 சீட்டுகள். நிலம் என்னும் சீட்டுகளிலிருந்து 'மானா' என்ற மந்திர ஆற்றல் கிடைக்கும். அதைச் செலவிட்டு மற்றச் சீட்டுகளை ஆடுவர். சில சீட்டுகள் களத்தில் நின்று போரிடும் உயிரிகள். அவற்றுக்கு வலிமை, தாங்குதிறன் என இரண்டு எண்கள் உண்டு. சில, ஒருமுறை பயன்பட்டு மறையும் மந்திரங்கள். வேறு சில, களத்தில் நிலைத்து நின்று தம் விதியை எல்லார்மீதும் செலுத்தும் நிலைமந்திரங்கள். சீட்டுகள் மூடிய பொட்டலங்களில் விற்கப்படுகின்றன. உள்ளே இருப்பது எது என்று தெரியாமலே வாங்க வேண்டும். இந்த வணிக முறை இளைஞர்களின் பணத்தை எளிதில் கரைக்க வல்லது. அதை நான் போற்றவில்லை. போற்றத்தக்கது சீட்டுகள் ஒன்றையொன்று சந்திக்கும் முறை.

முதல் பதிப்பில், ஒரே நிலச்சீட்டுக்கு வந்த மாற்றுப் படங்களைக் கழித்துவிட்டால், தனித்தனிப் பெயர் கொண்ட சீட்டுகள் 290. இவற்றை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 41,905 இணைகள் கிடைக்கும். இதை ஓர் ஆசிரியர் குழு பொறுமையாக உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். இன்று வெளியாகியுள்ள வெவ்வேறு சீட்டுகள் 25,000-க்கும் மேல். அவற்றின் இணைகள் 31 கோடியைத் தாண்டுகின்றன. மூன்று மூன்றாகச் சேர்த்தால் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இத்தனை சந்திப்புகளுக்கும் தனித்தனியே தீர்ப்பு எழுதிவைப்பது எவராலும் ஆகாத செயல். ஆகவே, சீட்டுகள் இனிமேல் எப்படிச் சந்தித்தாலும் விடை தருகின்ற ஒரு பொது ஒழுங்கு வேண்டியதாயிற்று. அந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை.

முதலில் தேவைப்பட்டது சொல்லின் தெளிவு. ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்த நாள்களில் நடந்த ஒன்றைச் சொல்வதுண்டு. ஆடிப் பார்த்த ஒருவர், தம்மிடம் வெற்றியை உறுதியாகத் தரும் சீட்டு ஒன்று இருப்பதாகக் கார்ஃபீல்டிடம் வந்து கூறினாராம். அந்தச் சீட்டில், எதிராளி தம் அடுத்த முறையை இழப்பார் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இழத்தலுக்கும் தோற்றலுக்கும் 'லூஸ்' என்ற ஒரே சொல்தான். வந்தவர், எதிராளி அடுத்த முறையில் தோற்றுப்போவார் என்று அதைப் படித்துவிட்டார்! தமிழில் 'முறையை இழப்பார்' என்றும் 'முறையில் தோற்பார்' என்றும் வேற்றுமை உருபே வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலத்திற்கு அந்த வசதி இல்லை. அந்தச் சீட்டு 'டைம் வாக்' என்ற பெயரில் அச்சேறியபோது, "இந்த முறைக்குப் பின் இன்னும் ஒரு முறை ஆடுக" என்னும் பொருளில் வாசகம் மாற்றி எழுதப்பட்டது. ஆக்கியோனின் உள்ளத்தில் இருந்தது எதுவாயினும், ஆடும் மேசையின்மேல் இருப்பது எழுத்து ஒன்றுதான். இந்த ஆட்டத்தின் விதிகள் அனைத்தும் இந்த நிலையிலிருந்தே வளர்ந்தன.

அடுத்தது காலத்தின் ஒழுங்கு. வானொலியில் சீட்டுகளைக் காட்ட இயலாது. தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என் களத்தில் ஒரு கரடி நிற்கிறது. அதன் வலிமை 2, தாங்குதிறன் 2. எதிராளி 'லைட்னிங் போல்ட்' என்னும் மின்னற்கணையை அதன்மேல் ஏவுகிறார். அது 3 சேதம் விளைக்கும். என் கையில் 'ஜயண்ட் குரோத்' என்னும் பெருவளர்ச்சி மந்திரம் இருக்கிறது. அது அந்த முறை முடியும்வரை உயிரியின் இரண்டு எண்களையும் மும்மூன்று கூட்டும். மூன்றும் 1993-ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே இருந்த எளிய சீட்டுகள். மின்னல் ஏவப்பட்டதும் நான் பெருவளர்ச்சியை ஆடுகிறேன். கரடி பிழைக்குமா?

பிழைக்கும். ஏவப்பட்ட மந்திரம் உடனே பலிப்பதில்லை என்பதே இங்குள்ள கொள்கை. அது ஓர் அடுக்கின்மேல் வைக்கப்படுகிறது. மறுமொழி சொல்ல விரும்புவோர் தம் மந்திரத்தை அதற்குமேல் வைக்கலாம். இருவரும் "இனி ஒன்றும் இல்லை" என்று அடுத்தடுத்து விட்டுக்கொடுத்தால், மேலே உள்ள ஒன்று மட்டும் பலிக்கும். பிறகு மீண்டும் இருவருக்கும் வாய்ப்பு, பிறகு அடுத்தது. கடைசியாக வந்தது முதலில் பலிக்கும். சமையலறையில் கழுவி அடுக்கிய தட்டுகளில் கடைசியாக வைத்ததைத்தானே முதலில் எடுக்கிறோம்? ஆகவே பெருவளர்ச்சி முதலில் பலித்துக் கரடியை ஐந்துக்கு ஐந்தாக்குகிறது. அதன்பின் மின்னல் பாய்கிறது. மூன்று சேதத்தை ஐந்து தாங்கிக்கொள்கிறது.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். சீட்டுகள் அவையே, கரடியும் அதுவே. நான் முந்திக்கொண்டு பெருவளர்ச்சியை ஆடுகிறேன். எதிராளி அதற்கு மறுமொழியாக மின்னலை ஏவுகிறார். மின்னல் மேலே இருப்பதால் முதலில் பலிக்கிறது. இன்னும் வளராத கரடி இறக்கிறது. அதன்பின் பெருவளர்ச்சி தன் இலக்கைத் தேடுகிறது, இலக்கு இல்லை, ஒன்றும் நிகழாமல் வீணாகிறது. முதல் ஆட்டத்தில் ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு ஈடாயிற்று. இரண்டாவதில் எதிராளியின் ஒரு சீட்டுக்கு நான் இரண்டைப் பறிகொடுத்தேன். பொறுத்திருந்து பேசியவருக்கே ஆதாயம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பலர் கவனியாமல் விட்டுவிடுவார்கள். முதல் ஆட்டத்தில் பிழைத்த கரடியின் உடலில் மூன்று சேதம் இருக்கிறது. முறை முடியும்போது பெருவளர்ச்சி நீங்கிவிடும். அது நீங்கியதும் தாங்குதிறன் இரண்டாகிவிட, மூன்று சேதம் பட்ட கரடி அப்போது இறந்துவிடாதா? இறவாது. முறையின் முடிவில் உடலில் பட்ட சேதம் ஆறுவதும், "முறை முடியும்வரை" என்ற விளைவுகள் நீங்குவதும் ஒரே கணத்தில் நிகழும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஒன்று முன், ஒன்று பின் என்று எழுதியிருந்தால், காப்பாற்றிய மருந்தே சற்றுக் கழித்துக் கொல்லும் விந்தை நேர்ந்திருக்கும்.

இவ்வளவு தெளிவான அடுக்கு முறை தொடக்கத்திலேயே இருக்கவில்லை என்றால் வியப்பாக இருக்கும். 1999-இல் ஆறாம் பதிப்பின் விதிகளோடுதான் அது வந்தது. அதுவரை பிற மந்திரங்களை இடைமறிப்பதற்கென்றே 'இன்டரப்ட்' என்று ஒரு தனி இனம் இருந்தது. எது எதற்கு மறுமொழி சொல்லலாம் என்பதில் ஓயாத குழப்பம். அந்த இனத்தை ஒழித்து, எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டு வெளியான எந்தப் புதுச் சீட்டையும்விட இந்த ஒரு சீர்திருத்தமே ஆட்டத்துக்குப் பெரும்பேறு என்பது என் கருத்து. சீட்டுகள் கண்ணைக் கவர்ந்தன. அடுக்கோ பூசலைக் குறைத்தது.

இனி விதிகளின் மேல்கீழ். பொது விதி ஒன்று சொல்ல, சீட்டு அதற்கு நேர்மாறாகச் சொன்னால், சீட்டின் சொல்லே செல்லும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்று இலக்கண வகுப்பில் படிக்கின்றீர்கள் அன்றோ, அதே நெறிதான். ஆனால் இரண்டு சிறப்புவிதிகளே மோதினால்? ஒரு சீட்டு, "இம்முறை இன்னும் ஒரு நிலம் ஆடலாம்" என்கிறது. மற்றொன்று, "இம்முறை நிலம் ஆட இயலாது" என்கிறது. இங்கு 'இயலாது' என்பதே வெல்லும். எது பின்னால் வந்தது, எது விலை மிக்கது என்ற கேள்விகளுக்கு இடமில்லை. விலக்கு எப்போதும் அனுமதியை மிஞ்சும்.

மோதாமல் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஆற்றல்களும் உண்டு. 'டிராம்பிள்' என்பது மிதித்து முன்னேறும் ஆற்றல்: தடுத்து நிற்கும் உயிரியைக் கொல்லப் போதுமான சேதத்தை அதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எதிராளியின்மேல் செலுத்தலாம். ஆறு வலிமையுள்ள உயிரியை ஐந்து தாங்குதிறனுள்ள ஒன்று தடுத்தால், ஐந்து போக மிஞ்சுவது ஒன்றே. 'டெத்டச்' என்பது தீண்டினாலே சாவு என்னும் ஆற்றல்: அது விளைக்கும் சேதம் ஒரு துளியானாலும் கொல்லப் போதுமானதாகக் கருதப்படும். இவ்விரண்டும் ஓருயிரியிடம் சேர்ந்தால், 'கொல்லப் போதுமான சேதம்' என்ற சொற்றொடரின் பொருளே மாறிவிடுகிறது. தடுப்பவருக்கு ஒன்று ஒதுக்கினால் போதும். ஐந்து எதிராளியைச் சேரும். இந்த விடை எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. ஒன்றின் சொல்லை மற்றொன்றின் சொல்லுக்குள் பொருத்திப் படிப்பவருக்கே கிடைக்கிறது. தடுக்கும் உயிரி அழிக்கவொண்ணாத தன்மை உடையதாக இருந்தாலுமே ஒன்று ஒதுக்கினால் போதும். அது சாகாமல் நிற்கும், ஆனாலும் ஐந்து அதைக் கடந்து போய்விடும்.

இப்படிக் கைகோத்த சீட்டுகள் சில நேரங்களில் வட்டமாகச் சுழலத் தொடங்கிவிடும். 2009-இல் வந்த 'சாங்வின் பாண்ட்', நீங்கள் உயிர்ப்புள்ளி பெறும்போதெல்லாம் எதிராளி ஒருவரை அதே அளவு இழக்கச் செய்யும். 2012-இல் வந்த 'எக்ஸ்குவிசிட் பிளட்', எதிராளி இழக்கும்போதெல்லாம் உங்களை அதே அளவு பெறச் செய்யும். இரண்டும் உங்கள் களத்தில் இருக்க, நீங்கள் ஒரே ஒரு புள்ளி பெற்றால் போதும். அவர் ஒன்று இழப்பார். அதனால் நீங்கள் ஒன்று பெறுவீர்கள். அதனால் அவர் ஒன்று இழப்பார். அவர் சுழியை அடைந்தால்தான் சக்கரம் நிற்கும். நிற்காத சக்கரமும் உண்டு. 2007-இல் வெளிவந்த 'ஒப்ளிவியன் ரிங்' என்னும் மோதிரச் சீட்டு, களத்துக்கு வரும்போது நிலமல்லாத வேறொரு சீட்டைக் களத்திலிருந்து அப்புறப்படுத்தும். தான் களத்தைவிட்டு நீங்கும்போது அதைத் திருப்பித்தரும். களத்தில் நிலங்களைத் தவிர வேறொன்றும் இல்லாதிருக்க, முதல் மோதிரம் இரண்டாவதை அப்புறப்படுத்தி வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். மூன்றாவது வருகிறது. வேறு இலக்கு இல்லாததால் முதலாவதை அப்புறப்படுத்துகிறது. முதலாவது நீங்கியதால் இரண்டாவது திரும்புகிறது. அது மூன்றாவதை அப்புறப்படுத்துகிறது. உடனே முதலாவது திரும்புகிறது. எவராலும் நிறுத்த முடியாத இத்தகைய சுழற்சி ஏற்பட்டால், ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது என்று விதி கூறுகிறது.

1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் 'புரோ டூர்' என்னும் பரிசுப் போட்டி முதன்முறையாக நடந்தது. பரிசுப் பணம் வந்தபின், ஒரு சொல்லின் பொருள் என்ன என்பது நண்பர்களுக்குள் சிரித்துத் தீர்த்துக்கொள்ளும் காரியமாக இருக்கவில்லை. ஒரு மேசையில் ஒரு நடுவர் ஒன்றும், அடுத்த மேசையில் மற்றொருவர் வேறொன்றும் சொன்னால் போட்டிக்கு மதிப்பு ஏது? இன்று முழு விதிநூல் 250 பக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. அதன் மிகக் கடினமான பகுதி, களத்தில் நிலைத்து நிற்கும் விளைவுகளை எந்த வரிசையில் கணக்கிடுவது என்பதாகும். அதை விளக்க, ஆட்டக்காரர்களிடையே பெயர்பெற்ற ஒரு புதிரைச் சொல்கிறேன்.

1997-இல் வந்த 'ஹியூமிலிட்டி' என்னும் நிலைமந்திரத்தின் பெயருக்குப் பணிவு என்று பொருள். உயிரிகள் எல்லாம் தம் ஆற்றல்கள் அனைத்தையும் இழந்து, ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும் என்பது அதன் விதி. 1999-இல் வந்தது 'ஓபலசென்ஸ்'. மற்ற நிலைமந்திரங்கள், வேறொன்றின்மேல் ஒட்டி நிற்பவை நீங்கலாக, உயிரிகளாகவும் ஆகும். ஒவ்வொன்றின் மானா மதிப்பே அதன் வலிமையும் தாங்குதிறனும் ஆகும் என்பது அதன் விதி. பணிவின் மதிப்பு 4. இரண்டும் ஒரே களத்தில் இருந்தால் என்ன நிகழும்? ஓபலசென்ஸ் பணிவை ஓர் உயிரியாக்குகிறது. பணிவு எல்லா உயிரிகளின் ஆற்றலையும் பறிக்கிறது. தானும் இப்போது ஓர் உயிரி. ஆகவே தன் ஆற்றலையே பறித்துக்கொள்கிறது. ஆற்றல் போனால் பறிக்க இயலாது, பறிக்காவிட்டால் ஆற்றல் போகவில்லை, போகாவிட்டால் பறிக்கும். "நான் சொல்வது பொய்" என்று ஒருவன் சொன்னால் அது மெய்யா பொய்யா என்று தருக்க நூலார் கேட்பார்களே, அந்தச் சுழலில் வந்து விழுந்துவிட்டோம்.

விதிநூல் இதிலிருந்து வெளியேறும் வழி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாராமல் ஏழு படிகளில் பார்ப்பது. ஒன்றைப்போல் ஒன்று ஆகும் விளைவுகள் முதற்படி. பின்னர் யாருக்கு உரியது, சொல் மாற்றம், இன மாற்றம், நிற மாற்றம் என்று வரிசையாகச் செல்லும். ஆற்றலைக் கொடுப்பதும் பறிப்பதும் ஆறாம் படி. வலிமையும் தாங்குதிறனும் ஏழாம் படி. ஒரு படியை முடித்தபின் திரும்பிப் போதல் கிடையாது. புதிரை இப்போது ஏறிப் பாருங்கள். நான்காம் படியில் பணிவு உயிரியாகிறது. ஆறாம் படியில் அது தன்னுடையது உட்பட எல்லா உயிரிகளின் ஆற்றலையும் நீக்குகிறது. ஏழாம் படியில், "ஒன்றுக்கு ஒன்று" என்ற அதன் விளைவு இன்னும் செல்லுமா? செல்லும். ஒரு விளைவு முந்திய படியில் செயல்படத் தொடங்கிவிட்டால், இடையில் அதைப் பிறப்பித்த ஆற்றலே மறைந்தாலும், எஞ்சிய படிகளிலும் அது தொடரும் என்று விதி சொல்கிறது. தம் பதவியும் உட்படப் பல பதவிகளை நீக்கி ஓர் அதிகாரி ஆணையிட்டார் என்று வையுங்கள். கையொப்பமிட்ட ஆணை அவர் பதவி போனதால் பாதியில் நின்றுவிடாது அல்லவா?

ஏழாம் படியில் பணிவுக்கு இரண்டு விளைவுகள் போட்டியிடுகின்றன. ஒன்றுக்கு ஒன்று என்கிறது அதன் சொந்த விதி. நான்குக்கு நான்கு என்கிறது ஓபலசென்ஸ். இங்குதான் எது பின்னால் களத்துக்கு வந்தது என்று பார்க்கிறார்கள். பின்னது முன்னதை மிஞ்சும். ஓபலசென்ஸ் பின்னால் வந்திருந்தால் பணிவு நான்குக்கு நான்கு. பணிவு பின்னால் வந்திருந்தால் அது ஒன்றுக்கு ஒன்று. இரண்டு விதிகள் மோதினால் பின்னதைக் கொள்க என்று பாணினியின் வடமொழி இலக்கணத்திலும் ஒரு சூத்திரம் இருக்கிறது. அங்கே 'பின்னது' என்றால் எது என்பதிலேயே வாதம் ஓயவில்லை. 2022-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று அதை மீண்டும் கிளறிவிட்டது.

பின்னது வெல்லும் என்பதற்கும் இங்கே விலக்கு உண்டு. 1994-இல் வந்த 'பிளட் மூன்', அடிப்படை நிலம் அல்லாத நிலங்களை எல்லாம் வெறும் மலைகளாக்குகிறது. 2007-இல் வந்த 'அர்போர்க்' என்னும் நிலம், எல்லா நிலங்களும் சதுப்பாகவும் இருக்கும் என்கிறது. ஆனால் அர்போர்க்கும் அடிப்படை அல்லாத நிலமே. அதை மலையாக்கிவிட்டால் அதன் ஆற்றலே இல்லாமற்போகும். ஒரு விளைவு இருப்பதா இல்லையா என்பதே மற்றொன்றைச் சார்ந்திருக்குமானால், சார்பற்றதை முதலில் கணக்கிட வேண்டும். ஆகவே எது முன்வந்தாலும் எது பின்வந்தாலும் பிளட் மூனே வெல்லும். இந்த விடைகள் அழகானவை என்று நான் சொல்லமாட்டேன். தன் ஆற்றலைத் தானே இழந்த ஒன்று மற்றவற்றை இன்னும் அடக்கிக்கொண்டிருப்பது எவருக்கும் கோணலாகவே தோன்றும். எனினும் உலகின் எந்த மேசையிலும் அதே கோணல்தான் கிடைக்கும். பரிசுக்கு ஆடுகிறவனுக்கு அது ஒன்றே பாதுகாப்பு.

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, சீட்டுகளை ஆக்குகிறவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று எண்ணுவீர்கள். நடந்தது வேறு. 2016-இல் இந்தியச் சாயலில் கற்பனை செய்த நாடொன்றைக் களமாகக் கொண்டு ஒரு தொகுதி வந்தது. அதில் சஹீலி ராய் என்னும் மந்திரக்காரியின் சீட்டு, உங்களிடம் உள்ள ஓர் உயிரியின் நகல் ஒன்றைப் படைக்கும்; அந்த நகல் அன்றே பாய்ந்து தாக்கவும் வல்லது. முறை முடிந்ததும் அது மறைந்துவிடும். 2017 ஜனவரியில் வந்த அடுத்த தொகுதியில் 'ஃபெலிடர் கார்டியன்' என்ற பூனை வந்தது. அது களத்துக்கு வரும்போது உங்கள் சீட்டு ஒன்றைக் களத்திலிருந்து நீக்கி உடனே திருப்பித்தரும். திரும்பி வரும் சீட்டு, பழையதை மறந்த புதுச்சீட்டாகக் கருதப்படும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சஹீலி பூனையை நகலெடுக்கிறாள். நகற்பூனை களத்துக்கு வந்ததும் சஹீலியை நீக்கித் திருப்பித்தருகிறது. வந்தவள் புதியவள், ஒரு முறைக்கு ஒரு தடவைதான் தன் ஆற்றலைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு பழையவளோடு போயிற்று. மீண்டும் நகல், மீண்டும் புதியவள். எத்தனை பூனை வேண்டுமோ அத்தனை பூனை. எல்லாம் அப்போதே பாயும். இரண்டு சீட்டுகளையும் ஆக்கியவர்கள் ஒரே நிறுவனத்தார். ஆயினும் இந்தச் சந்திப்பு அவர்கள் கண்ணில் படவில்லை. பின்னர் அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2017 ஏப்ரல் 24 அன்று தடைப்பட்டியல் வெளியாயிற்று; முக்கியப் போட்டி வகையில் அந்தப் பூனைக்குத் தடை இல்லை. இரண்டே நாளில், 26 அன்று, தடை அறிவிக்கப்பட்டது. தடை செய்யப்பட்ட சீட்டில் ஒரு சொல்லும் பிழையானதன்று. தனியாகப் பார்த்தால் அது ஒன்றுக்கு நான்கான ஒரு சாதுப்பூனை.

இத்தகைய சந்திப்புகளை எல்லாம் ஓர் இயந்திரத்திடம் கொடுத்து, எந்தக் களத்தைக் காட்டினாலும் வெல்பவர் யார் என்று முன்கூட்டியே கணக்கிடச் செய்யலாகாதா? இந்தக் கேள்விக்கு 2019-இல் விடை கிடைத்தது. அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பீடர்மன், ஆஸ்டின் ஹெரிக் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்தச் சீட்டுகளைக்கொண்டே ஒரு கணிப்பொறியை அமைக்கலாம் என்று நிறுவியது. ஆலன் டியூரிங் 1936-இல் கற்பனையாக விவரித்த பொறி அது: நீண்ட நாடா ஒன்றில் குறிகளைப் படித்து, மாற்றி எழுதி, இடமோ வலமோ நகரும் பொறி. அவர்கள் நாடாவுக்குப் பதில் உயிரிகளைக் குறிக்கும் காய்களை வைத்தார்கள். காயின் இனம் எந்தக் குறி என்பதைக் காட்டும். அதன் வலிமை, படிக்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் காட்டும். ஓர் இனத்து உயிரி இறந்தால் வேறோர் இனத்து உயிரியைப் படைக்கும் 'ராட்லங் ரீஅனிமேட்டர்' போன்ற சீட்டுகள் பொறியின் சக்கரங்கள். அவற்றில் எழுதியுள்ள இனப் பெயரையே மாற்றிவிடும் மந்திரங்களும் ஆட்டத்தில் உள்ளன. அவற்றால் வேண்டிய விதிகளை எல்லாம் சீட்டுக்குள் எழுதிக்கொள்ள முடிந்தது. இரண்டு நிலைகளும் பதினெட்டுக் குறிகளும் கொண்ட ஒரு பொதுப்பொறி இவ்வாறு மேசைமேல் உருவாயிற்று. போட்டியில் அனுமதிக்கப்பட்ட 60 சீட்டுகளே அதற்குப் போதும்.

டியூரிங் தம் பொறியைப் பற்றி நிறுவிய ஓர் உண்மை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. எந்தப் பொறியைக் கொடுத்தாலும் அது ஒரு நாள் நிற்குமா, நில்லாதா என்று முன்கூட்டியே கூறவல்ல பொதுவழி எதுவும் இல்லை. ஆகவே எந்தக் களத்தைக் கொடுத்தாலும் வெல்பவர் யார் என்று கூறவல்ல வழியும் இல்லை. அந்த மூவர் அமைத்த களத்தில், பொறி ஓடத் தொடங்கியபின் ஆடுவோருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருப்பதில்லை. ஒவ்வோர் அடியும் விதியால் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்து என்ன என்பதில் ஐயத்துக்கு இம்மியும் இடமில்லை. இருவரும் தீர்மானிக்க ஒன்றுமின்றிச் சீட்டுகள் சொல்கிறபடி காய்களை நகர்த்திக்கொண்டிருக்க, ஒரு சீட்டு மற்றொரு சீட்டை அழைத்தபடியே கணக்கு ஓடுகிறது. இது எங்கே போய் முடியும் என்று நடுவரைக் கேட்டால், எந்தக் களத்துக்கும் பொருந்தும் விடை ஒன்றை அவர் தம் விதிநூலிலிருந்து எடுத்துத் தர முடியாது. அடுத்த அடி என்ன என்பதைத்தான் சொல்ல முடியும்.